விரல் போகிற வயர்

அத்தியாயம் 17

கேஷானியின் கல்யாண நாள் விடிந்தேவிட்டது. போன வாரம் சாப்பாட்டு மேசையில் பாதியில் விட்டுவந்தோமே, அந்தச் சண்டை என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? ஒன்றும் ஆகவில்லை. சோறு ஆறிப்போனதுதான் மிச்சம்.

யட்டியாந்தோட்டை பஜாரில் மின்சாரச் சாமான் கடையும் சவுண்ட் சர்வீஸும் நடத்துகிற இராமையாவுக்குக் கேஷானி ஒரே மகள். மாப்பிள்ளை சசி, ரம்புக்கனையில் பேர்போன துணிக்கடைக் குடும்பத்துப் பையன். "ரிசப்ஷனுக்கு ஹோலுக்குள்ள நான் நடந்து வர்றப்ப அண்ணி பியானோ வாசிக்கணும். இல்லாட்டி நான் நடக்க மாட்டேன்" என்று மகள் சொல்ல, "நம்ம வீட்டு மருமக மேடையேறி வாசிக்கிறதா? அதுவும் சம்பந்தி வீட்டு முன்னாடியா?" என்று அப்பா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார் அல்லவா? அதோடு எல்லாரும் படுக்கப் போய்விட்டார்கள்.

அண்ணி என்றால் ராகினி. மேலே ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிற அழகமுத்துவின் மகள். கல்யாணத்துக்கு முன் கொழும்பில் ஓர் இசைக்கருவிக் கடையில் வேலை செய்தவள். வாங்க வருகிறவர்களுக்கு வாசித்துக் காட்டுவதும், எந்த வயரை எங்கே குத்தினால் எது பாடும் என்று சொல்லிக்கொடுப்பதும்தான் அங்கே அவள் வேலை. அந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய டிஜிட்டல் பியானோவோடுதான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தாள்.

இராமையாவின் மகன் துஷாந்தன் அவளை முதன்முதலில் பார்த்ததே ஒரு தோட்டத்துக் கோயில் திருவிழா மேடையில்தான். அவன் ஸ்பீக்கர் கட்டப் போனான், அவள் வாசிக்கப் போனாள். வாசிப்பைக் கேட்டு மயங்கி, வீட்டில் மல்லுக்கட்டி, கட்டிக்கொண்டு வந்தான். வந்தபின் என்ன நடந்தது? "கீழ கடைக்கு ஆளுங்க வர்ற நேரம், சத்தம் வேணாம்மா" என்றார் மாமா. அடுத்த மாதம் "அக்கம்பக்கம் என்ன சொல்லும்" என்றார். அப்புறம் அது சட்டமாகிவிட்டது. இரண்டு வருடமாக அந்தப் பியானோ ஹெட்போனுக்குள் மட்டும்தான் பேசுகிறது.

*

விடிந்தும் விடியாததுமாக இராமையா குசினி வாசலில் வந்து நின்றார்.

"ராகினி."

"சொல்லுங்க மாமா."

"ராத்திரி பூரா யோசிச்சேன். புள்ள ஆசப்படுது. சரி, வாசி. ஒரே ஒரு பாட்டு. அது நடந்து வந்து ஒக்காந்ததும் நீ எறங்கி வந்து சம்பந்தி வீட்டு ஆளுங்கள கவனிக்கணும். வெளங்குதா?"

ராகினி கையிலிருந்த கேத்தலை இறக்கிவைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"சரிங்க மாமா. ரொம்ப நன்றிங்க மாமா."

"நன்றியெல்லாம் எதுக்கு. பொண்ண கையப் புடிச்சி கூட்டிட்டு வர்றது அண்ணிக்காரி வேல. அத ஒங்க சின்னத்த பாத்துக்கட்டும்." சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

மாமியார் இராஜம் தேங்காய் துருவிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். புருஷன் படி இறங்குகிற சத்தம் கேட்கும்வரை பொறுத்தாள்.

"முப்பது வருஷமா அந்த மனுசனோட குடும்பம் நடத்துறேன். ஒத்த ராத்திரியில அவரு எறங்கி வந்து நான் பாத்ததே இல்ல."

"இப்ப எறங்கி வந்துட்டாருல்ல அத்த?"

"அதான் எனக்கு நம்பிக்க வரல" என்று சொல்லிவிட்டு இராஜம் அடுத்த தேங்காயை எடுத்தாள்.

ராகினி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சந்தோஷத்தில் இருக்கிறவளிடம் சந்தேகத்தைச் சொன்னால் ஏறுமா? கேஷானியின் அறைக்கு ஓடினாள். கேஷானி கண்ணாடி முன்னால் தலைவார உட்கார்ந்திருந்தாள்.

"கேஷா, மாமா சரின்னுட்டாரு!"

"எனக்குத் தெரியும் அண்ணி, நான் அசைய மாட்டேன்னு அவருக்குத் தெரியும். நம்ம பாட்டுத்தானே வாசிக்கிறீங்க?"

"வேற எத வாசிப்பேன்?"

'நம்ம பாட்டு' என்பது ராகினியே உண்டாக்கியது. அந்தப் பியானோவில் ஹெட்போன் குத்த இரண்டு துளைகள் உண்டு. ஒன்றில் ராகினி, மற்றதில் கேஷானி. அடைத்த அறைக்குள், மழை நாட்களில், நாத்தனாரும் அண்ணியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, அதை அடி அடியாகக் கட்டினார்கள். வீட்டில் யாருக்கும் அது கேட்டதில்லை. துஷாந்தனுக்குக்கூட.

*

காலையில் கோயிலில் தாலி ஏறிற்று. மதியம் ஆற்றோரத்து ஹோலில் ரிசப்ஷன். வெளியே மழை கொட்டிற்று. அந்தப் பக்கத்தில் கல்யாணத்துக்கு மழை வராவிட்டால்தான் அதிசயம்.

மேடையில் ராகினியும் துஷாந்தனும் சாமான்களைப் பொருத்திக்கொண்டிருந்தார்கள். பியானோவைத் தாங்கலில் தூக்கி வைக்கும்போது அவன் "பாத்து, பாத்து, ஒன் சேல" என்றான். கோயில் மேடையில் முதல் நாள் பேசியதும் இதே மாதிரிதான். ராகினிக்கு மனசு இளகிப்போயிற்று.

"என்னங்க, சத்தம் நல்லா வரும்ல?"

"நான் இருக்கேன்ல" என்றான் துஷாந்தன். பேச்சு சரிதான். ஆனால் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

கீபோர்ட் வாசிக்க பெல்மதுளையிலிருந்து காமில் வந்திருந்தான். பாட்டுக்காரர்களுக்குப் பின்னணி, தாளம், எல்லாமே அவன் கீபோர்டிலிருந்துதான். துஷாந்தன் வேனுக்கு ஸ்பீக்கர் எடுக்கப் போன நேரம், ராகினி தன் பையிலிருந்து இன்னொரு வயரை எடுத்தாள். முனையில் ஐந்து முள்ளு வைத்த தடித்த வயர்.

"காமில் தம்பி, ஒங்க கீபோர்டுல வீணை நல்லா இருக்குமா?"

"வீணயா? சோக்கா இரிக்கும். ஏன் அக்கா?"

"என் பியானோவுல வீணை இல்ல. ஆனா அமுக்குற கட்டை நல்ல கட்டை. சும்மா ஒருக்கா பாப்போம்."

இங்கே வாசகர்களுக்கு ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். பியானோவிலிருந்து, எல்லாச் சத்தத்தையும் கூட்டிக் குறைக்கிற மிக்ஸர் மேசைக்குப் போகிறது சத்தம் போகிற வயர். அது பியானோவில் பிறந்த சத்தத்தைச் சுமந்துகொண்டு போகும், மிக்ஸரில் உட்கார்ந்திருப்பவன் ஏற்றினால் ஏறும், இறக்கினால் இறங்கும். இந்த ஐந்து முள்ளு வயர் அப்படியல்ல. மிடி வயர் என்பார்கள். இதில் சத்தமே போகாது. எந்தக் கட்டையை எவ்வளவு அழுத்தி அமுக்கினாள், எப்போது விட்டாள் என்கிற சேதி மட்டும் போகும். சேதியை வாங்குகிற கருவி தன் குரலில் அதைப் பாடும். கொழும்புக் கடையில் விளங்காமல் முழிக்கிறவர்களிடம் ராகினி சொல்லுவாள்: "இது சத்தம் போற வயர் இல்ல. விரல் போற வயர்."

வயரைக் குத்தினாள். காமில் வீணைக் குரலைத் தேடி வைத்தான். அவள் பியானோவில் ஒரு கட்டையை அமுக்க, அவன் கீபோர்ட் வீணையாகப் பாடிற்று.

"யா அல்லாஹ்! அக்காட விரல், எண்ட குரல்!" என்று காமில் சிரித்தான்.

துஷாந்தன் ஸ்பீக்கரோடு திரும்பி வந்தான். ஸ்பீக்கர், ஆம்ப் என்றால் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டுகிறவன். மற்ற எந்த வயரும் அவனுக்கு வெறும் வயர். சவுண்ட் சர்வீஸ்காரர்கள் வீட்டு நம்பிக்கை அப்படி. மிக்ஸர் யார் கையிலோ, மேடை அவர் கையில்.

"மேடையில ஏன் இத்தன வயரு? பொண்ணு மாப்புள தடுக்கி விழவா?" என்று கீபோர்ட் பக்கத்து முனையைப் பிடுங்கி, சுருட்டி, பியானோவுக்குக் கீழே தள்ளினான். "ஒனக்கு ஒரு வயரு போதும்."

ராகினி விட்டுவிட்டாள். சும்மா பார்க்கத்தானே குத்தினாள்.

*

ஹோல் நிரம்பிவிட்டது. ரம்புக்கனை ஆட்கள் முன்வரிசையில் பட்டும் வைரமுமாக உட்கார்ந்திருந்தார்கள். ராகினியின் அப்பா அழகமுத்துவையும் அம்மா சுப்பம்மாவையும் காணோமே என்று தேடினாள். கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் இருந்தார்கள். அங்கே உட்கார வைத்தது மாமா என்பது அவளுக்குத் தெரியும். சம்பந்தி வீட்டில் மருமகளின் தகப்பன் "தோட்டத்து ஒபீஸ்ல இருக்காரு" என்று அவர் சொல்லி வைத்ததும் தெரியும். நெஞ்சுக்குள் ஒரு முள் ஏறியது. இன்றைக்கு வேண்டாம் என்று அதை அடக்கினாள்.

கதவு திறந்தது. வாசலில் கேஷானி. சிவப்புப் பட்டு, கையில் பூச்செண்டு, பக்கத்தில் இராஜத்தின் தங்கை சின்னத்தை. மாப்பிள்ளை சசி மேடைப் படியருகே நின்றான். வீடியோக்காரன் ஓடிவந்து "நங்கி, டிக்கக் இன்ன" என்று சிங்களத்தில் சொல்லிப் பெண்ணைக் கொஞ்சம் நிறுத்திச் சரிபார்த்துவிட்டு, ராகினியைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கினான்.

ராகினி மூச்சை இழுத்துவிட்டு முதல் கட்டையை அமுக்கினாள்.

ஒன்றும் வரவில்லை.

மறுபடி அமுக்கினாள். ஒன்றுமில்லை. பியானோவில் விளக்கு எரிகிறது. வயர் குத்தியபடி இருக்கிறது. ஹோலின் அந்தக் கடைசியில் மிக்ஸர் மேசை. அங்கே துஷாந்தன். அவனுக்குப் பின்னால், தோளில் கை வைத்துக்கொண்டு, மாமா.

அவள் கையை உயர்த்தி, ஏற்றுங்கள் என்று சைகை காட்டினாள். துஷாந்தன் தலையைக் குனிந்துகொண்டான்.

ஒரு கணம் விளங்கவில்லை. அப்புறம் எல்லாம் சேர்ந்து விளங்கியது. காலையில் சரி என்று சொன்னதும், சின்னத்தையை ஏற்பாடு செய்ததும், இவன் முகம் பார்க்காமல் பேசியதும். மேடையில் உட்கார வைப்பது, வாசிக்கவும் விடுவது, ஆனால் கேட்காமல் பார்த்துக்கொள்வது! மகளுக்கும் சமாதானம், சம்பந்திக்கும் கௌரவம். பியானோ பழுது என்றால் யார் என்ன கேட்கப் போகிறார்கள்?

சத்தம் போகிற வயரைப் பிடுங்கிவிட்டுக் கட்டையை அமுக்கினாள். பியானோவின் சொந்தக் குட்டி ஸ்பீக்கர் முனகிற்று. மேடையில் வைத்த பூச்சட்டிகளுக்குக் கேட்டிருக்கும். முதல் வரிசைக்குக்கூடப் போகவில்லை.

இராமையா கை தட்டிக் காமிலுக்குச் சைகை காட்டினார். காமில் ராகினியைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான், கூலிக்கு வந்தவன் என்ன செய்வான், எல்லாக் கல்யாணத்திலும் வாசிக்கிற ஒரு மெட்டை ஆரம்பித்தான்.

சின்னத்தை கேஷானியின் கையைப் பிடித்து இழுத்தாள். கேஷானி அசையவில்லை.

இன்னும் கொஞ்சம் இழுத்தாள். ம்ஹூம்! கேஷானி கால் இரண்டையும் தரையில் ஊன்றிக்கொண்டு மேடையைப் பார்த்தபடி நின்றாள். ஹோலில் முணுமுணுப்பு எழுந்தது. "பொண்ணுக்கு ஒடம்பு ஏலலையோ?" என்றாள் ரம்புக்கனைக்காரி ஒருத்தி. மண்டபத்து மேனேஜர் இராமையாவிடம் ஓடி, "முதலாளி, வெலாவ பஹுவெனவா!" என்று கடிகாரத்தைக் காட்டினார். நேரம் தப்புகிறதாம். அந்த நேரத்தைப் பார்த்துக் கொடுத்ததே மாப்பிள்ளை வீட்டு ஐயர்.

காமில் மெட்டை நிறுத்திவிட்டான். நடக்கிறவளே நடக்காதபோது வாசித்து என்ன பயன்?

ராகினிக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஆத்திரம் வந்தது. அங்கே வாசலில் ஒரு சின்னப்பெண், தன் கல்யாணத்தன்று, நானூறு பேர் முன்னால், அவளுக்காகக் காலை ஊன்றி நிற்கிறாள். இவள் இங்கே கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பதா?

எழுந்தாள். பட்டுச் சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டாள். பியானோவுக்குக் கீழே குனிந்து அந்த ஐந்து முள்ளு வயரை இழுத்தாள். மேடைக்குக் குறுக்கே நடந்து, காமிலின் கீபோர்டுக்குப் பின்னால் மண்டியிட்டாள். மருமகள் தரையில் தவழ்கிறாள் என்று யாரோ சொல்வது கேட்டது. சொல்லட்டும்.

குத்திவிட்டு ஓடிவந்து கட்டையை அமுக்கினாள். சத்தமில்லை!

"அக்கா, அக்கா! அது வெளிய போற ஓட்ட! பக்கத்துல, பக்கத்துல!"

அவசரத்தில் தப்பாகக் குத்தியிருக்கிறாள். இந்தத் தப்பை மற்றவர்கள் செய்யாமல் பார்த்துக்கொள்வதற்கென்றே ஒரு காலத்தில் சம்பளம் வாங்கியவள்! பியானோவின் வெளி வாசலிலிருந்து புறப்படுகிற சேதி, கீபோர்டின் உள் வாசலில்தான் நுழைய வேண்டும். அவள் திரும்ப எழுவதற்குள் காமிலே கையைப் பின்னால் விட்டுப் பிடுங்கி, பக்கத்துத் துளையில் குத்தினான். வீணைக் குரலையும் தட்டி வைத்தான்.

"வாசிங்க" என்றான். கூலிக்கு வந்தவன்தான். ஆனாலும் பாட்டுக்காரன் அல்லவா?

வாசித்தாள்.

முதல் அடி ஸ்பீக்கர்களில் வீணையாக விழுந்தது. ஹோல் அடங்கிப்போயிற்று. கடைசியில் இருந்த இராமையா, எல்லாரையும்போலக் காமிலைப் பார்த்தார். காமில் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றான். பொலிஸ்காரன் துப்பாக்கி நீட்டினால் நிற்பார்களே, அப்படி. கை மேலே, கீபோர்ட் பாடுகிறது. முன்வரிசைச் சின்னப்பிள்ளைகள் "ஹேய்!" என்று கத்தின.

இராமையா துஷாந்தனின் தோளை உலுக்கினார். துஷாந்தன் மிக்ஸரில் பியானோவின் சத்தத்தை ஏற்றி இறக்குகிற ஸ்லைடரைப் பார்த்தான். கீழேதான் இருக்கிறது, அடியோடு. பின்னே எங்கிருந்து வருகிறது? காமிலின் ஸ்லைடருக்கு விரல் போயிற்று. அதை இறக்கினால் மேடையே ஊமையாகிவிடும்.

ராகினி அந்த விரலைப் பார்த்தாள். கண் எடுக்காமல் பார்த்தபடியே வாசித்தாள். இறக்குங்க பார்ப்போம்! தங்கச்சி நடக்கிற பாட்டை நானூறு பேர் முன்னாடி இறக்குங்க, பார்ப்போம்!

அந்த விரல் அப்படியே நின்றது.

வாசலில் கேஷானி சிரித்தாள். இரண்டு ஹெட்போனுக்கு வெளியே அந்தப் பாட்டு வந்தது இதுதான் முதல் தடவை. சின்னத்தையின் கையை மெதுவாக எடுத்து விட்டுவிட்டு, தனியாக, பாட்டுக்கு அடி வைத்து நடந்து வந்தாள். பாதி வழியில் அவளுக்கு அழுகை வந்தது. துடைக்கவுமில்லை, நிற்கவுமில்லை. சசி படியிலிருந்து இறங்கிப்போய்க் கையைக் கொடுத்தான்.

*

கைதட்டல் ஓய்ந்ததும் மாப்பிள்ளையின் அம்மா முன்வரிசையிலிருந்து குரல் கொடுத்தாள். வாயைத் திறந்தால் ரம்புக்கனை ஸ்டேஷன்வரை கேட்கும் என்று அவளுக்குப் பேர்.

"அந்தப் பையன் கையத் தூக்கிட்டு நிக்கிறான். வாசிச்சது யாரு?"

"எங்க அண்ணி, அத்த!" என்றாள் மேடையில் கேஷானி. "அவங்களே கட்டின பாட்டு."

"அட! சம்பந்தி, இப்பிடி ஒரு மருமகள வச்சிக்கிட்டு ஒரு வார்த்த சொல்லல பாத்தீங்களா? ஏம்மா, நீ எந்த ஊரு?"

இராமையா கூட்டத்தை விலக்கிக்கொண்டு விறுவிறுவென்று வந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு. "அவ களச்சிப் போயிருக்கா. எறங்கும்மா, எறங்கு. சாப்பாட்டு வேலயப் பாரு." பக்கத்தில் வந்ததும் சிரிப்பைக் கலைக்காமலே பல்லுக்குள் சொன்னார். "இந்தப் பெட்டி இனி என் வீட்டுப் படி ஏறாது."

இரண்டு வருடமாக இந்தக் குரல் வந்தால் ராகினியின் தலை தானாகக் குனியும். இன்றைக்கும் குனியப் பார்த்தது. அவள் மைக்கை எடுத்தாள்.

"நான் இங்கதாங்க. மேல ரப்பர் தோட்டம், லயத்து வீட்டுல பொறந்தவ. எங்கப்பா ஒபீஸ்ல இல்லீங்க. பால் வெட்டுறாரு. அந்தா, தூணுக்குப் பின்னாடி ஒக்காந்திருக்காரு."

தலைகளெல்லாம் திரும்பின. அழகமுத்து எழுவதா வேண்டாமா என்று தெரியாமல் பாதி எழுந்தார். சுப்பம்மா முதுகில் கை கொடுத்து முழுசாக எழுப்பிவிட்டாள். அவர் கும்பிட்டார். சசி மேடையிலிருந்து பதிலுக்குக் கும்பிட்டான்.

மாப்பிள்ளையின் அம்மா இராமையாவை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ராகினியிடம் திரும்பினாள். "அதனால என்ன? எங்க மாமனாரும் தோட்டத்துல மூட்டையில துணி வித்தவருதான். இன்னொண்ணு வாசி புள்ள."

"வாசிக்கிறேங்க" என்றாள் ராகினி. "ஆனா இப்பிடி இல்ல."

கீபோர்டிடம் போனாள். ஐந்து முள்ளு வயரைத் தானே பிடுங்கினாள். காமில் "அக்கா, என்ன செய்றீங்க?" என்று பதறினான். அவள் திரும்பி வந்து, சத்தம் போகிற வயரை எடுத்துப் பியானோவில் குத்தினாள். மைக் அவள் கையில்தான் இருந்தது.

"இப்ப கேட்டது தம்பியோட கீபோர்டு கொரல். எரவல் கொரல். என் பியானோவுக்குன்னு ஒரு கொரல் இருக்கு. ரெண்டு வருஷமா ஹெட்போனுக்குள்ள கெடக்குது. மிக்ஸர்ல ஒக்காந்திருக்கவருதான் அத எறக்கி வச்சிருக்காரு. அவரே ஏத்தணும். ஏத்தினா வாசிப்பேன். இல்லாட்டி எல்லாரும் சாப்பிடப் போகலாங்க."

மைக்கை வைத்தாள். பின்வாசல் ஒன்று கிடைத்திருந்தது, அதையும் தன் கையாலேயே சாத்திவிட்டாள். பைத்தியக்காரியா இவள்? இருக்கட்டும். புருஷன் வீட்டில் முன்வாசல் வழியாகத்தான் போவேன் என்கிறாள், அவ்வளவுதான்.

நானூறு தலையும் இப்போது மிக்ஸர் மேசையைப் பார்த்தது. துஷாந்தன் தனியாக உட்கார்ந்திருந்தான். காது சிவந்திருந்தது. இராமையா சிரிப்பைக் கழற்றிவிட்டு அவனை நோக்கி நடந்தார். நடையில்லை அது, பாதி ஓட்டம்.

ராகினி மாமாவைப் பார்க்கவில்லை. கட்டைகளின் மேல் கையை வைத்தாள். அவன் ஏற்றாவிட்டால்? ஏற்றாவிட்டால் இன்றைக்கே பியானோவோடு தோட்டத்துக்குப் போய்விடுவது. லயத்துக் காம்பரா ஒற்றை அறைதான், அதை வைக்க இடமிருக்காது. வைக்கலாம். கட்டிலைத் தூக்கி வெளியே போட்டாவது வைக்கலாம். அந்த முடிவுக்கு வந்ததும் பயம் போய்விட்டது.

அமுக்கினாள்.

சத்தம் வந்தது.

வீணை இல்லை, இரவல் இல்லை. அவளுடைய பியானோ. அடிவயிற்றிலிருந்து எழுந்து, நாலு பெரிய ஸ்பீக்கரிலும் நிறைந்து, தகரக் கூரையில் கொட்டுகிற மழையை மூடிக்கொண்டு வந்தது. இப்படி அதைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! அவளுக்கே உடம்பு சிலிர்த்தது. முதல் அடி முடிவதற்குள் அவன் இன்னும் கொஞ்சம் ஏற்றினான். அதையும் அவள் விரலில் உணர்ந்தாள். உணர்ந்தாளே தவிர, அவனைப் பார்த்துச் சிரிக்கவில்லை. முதலில் இறக்கியதும் அதே விரல்தானே? அதற்கு வேறு கணக்கு இருக்கிறது. வீட்டில் பேசிக்கொள்ளலாம், வீடு என்று ஒன்று இருந்தால்.

இராமையா மேசையை எட்டிவிட்டார். மகனின் காதருகே குனிந்தார். வாய் அசைந்தது. ஸ்லைடரை நோக்கிக் கையை நீட்டினார். துஷாந்தன் அவரை அண்ணாந்து பார்த்தான். இடது கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டு, தான் திறந்து பூட்டுகிற கடையின் சாவிக் கொத்தை எடுத்து, அப்பாவின் உள்ளங்கையில் வைத்தான். வலது கை ஸ்லைடரிலேயே இருந்தது.

அதை அவர் எதிர்பார்த்திருக்கவில்லை. கையிலிருந்த சாவியைப் பார்த்தார். பிறகு மேடையின் பக்கம் திரும்பி, விரலை நீட்டி, கழுத்து நரம்பு புடைக்க, ராகினியைப் பார்த்து ஏதோ சொன்னார். பக்கத்து மேசைக்காரர்கள் விருட்டென்று திரும்பினார்கள். இராஜம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

என்ன சொன்னார் என்று ராகினிக்குத் தெரியாது. அந்த வீட்டில் கால் வைத்த இந்த இரண்டு வருடத்தில், மாமா பேசி அவளுக்குக் கேட்காமல் போனது இதுதான் முதல் தடவை. பியானோ அவ்வளவு சத்தமாக இருந்தது.